பெயின்ட்டுக்கு முந்திய வேலை

திருச்சி துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டிங் வெளிச்சம் ஓய்ந்த பிறகுதான், துகள் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் ஆட்களுக்கு வேலை தொடங்குகிறது. பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் இவை. இங்கே தயாராகும் தூண், உத்தரம், புகைக்குழாய் எல்லாமே வெட்டவெளியில் நிற்கப்போகிறவை.

தோள்வரை மூடிய கவசம், அதற்குள் மூச்சுக்குத் தனிக் காற்றுக்குழாய். இரும்புத்துகள் சீறிப் பாயப் பாய, நீலக்கறுப்பாக இருந்த தகடு வெளிறிய சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. அந்த நீலக்கறுப்பு, ரோலிங் மில்லில் சூட்டோடு படிந்த மில் ஸ்கேல். பார்வைக்கு உறுதி, ஒருநாள் செதிலாகக் கழன்று, மேலே அடித்த பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். "எஸ்.ஏ. இரண்டரை வந்துடுச்சா?" என்று குரல் கேட்கிறது. ஐ.எஸ்.ஓ. 8501 வகுத்த சுத்தத் தரம் அது. முன்பெல்லாம் மணலைத்தான் பீய்ச்சினார்கள். அதன் சிலிக்கா தூசி எத்தனையோ பேரின் நுரையீரலைத் தின்றது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு இன்னமும் மணல் அடிக்கிற இடங்கள் உண்டு. இரும்புக்குக் காட்டும் அக்கறையை ஆளுக்கும் காட்டலாம்.

சுத்தமான இரும்பு காத்திருக்காது. சில மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறியாக வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரும்பின் சூடு, காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிப்புள்ளியைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

"ஐப்பசியில பாதி நாள் சும்மாதான் சார் உக்காந்திருப்போம்" என்று நம்மிடம் சொல்கிறார் மூத்த பெயின்டர் ஒருவர். ஸ்பிரே கன்னைத் தொடும் முன் பிரஷ்ஷால் விளிம்புகளையும் போல்ட் துளைகளையும் வெல்டிங் தடங்களையும் தடவிக்கொண்டே போகிறார். கூர்மையான விளிம்பில் பெயின்ட் தங்காமல் வழுக்கி மெலிந்துவிடும். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

சூடேறும் பாகங்களுக்குக் கணக்கே வேறு. சாதாரண எபாக்சி 120 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிக்காது. புகைக்குழாய்க்கு அலுமினியம் கலந்த சிலிக்கான் பெயின்ட். 500 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். ஆனால் ஒரு பூச்சுக்கு 25 மைக்ரான் போதும். "புதுப் பசங்க நல்லா இருக்கட்டும்னு தடிமனா அடிச்சிடுவாங்க. பாய்லரைப் பத்தவெச்சதும் அப்பளமா பொரிஞ்சிடும்" என்று சிரிக்கிறார். இந்தப் பெயின்ட் நிழலில் காய்ந்தாலும் முழுதாக இறுகாது. முதன்முறையாக 200 டிகிரி சூடு ஏறும்போதுதான் இறுகும். அதுவரை நகம் பட்டாலே கீறல் விழும் என்பதால், லாரியில் கயிறு உரசும் இடங்களில் கோணியை மடித்துச் சொருகுகிறார்கள்.

கடற்கரையில் இந்தப் பாடெல்லாம் போதாது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துத்தநாகத்தையே உருக்கிப் பீய்ச்சி, மேலே எபாக்சியும் பாலிசிலாக்சேனும் ஏற்றியிருக்கிறார்கள். துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு, இரும்பை விட்டுவைக்கும். பராமரிப்பு இல்லாமலே 38 ஆண்டு தாங்கும் என்பது ரயில்வே கணக்கு.

அதைச் சொன்னதும் பெயின்டர் கேட்டது பூச்சைப் பற்றி இல்லை. "பிளாஸ்டிங் என்ன தரம் சார்? துத்தநாகத்துக்கு இரண்டரை பத்தாது, மூணு புடிக்கணும்."