'சும்மா'வுக்குச் சிங்களம்

மலையகத்தில் கத்தி இல்லாத லயத்துக் காம்பரா கிடையாது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை கட்டையாக வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து, ஆம்பளையாட்களின் வேலை. வெட்டி விழுந்த மிலாறைப் பிள்ளைகள் கட்டாகக் கட்டி அடுப்புக்குச் சுமந்து வருவார்கள். கவ்வாத்துக் கத்தி அப்பனின் கையிலிருந்து மகனின் கைக்கு மாறுவதை அங்கே யாரும் கவனிப்பதில்லை.

அதே கத்தி பஸ் நிலையத்தில், பதினைந்து வயதுப் பையனொருவனின் சாக்குக்குள் இருந்தால்?

கைக்குண்டு என்றால் அது தன் நோக்கத்தைத் தானே சொல்லிவிடும். கத்தி சொல்லாது. கொண்டுவந்தவனின் மனதில் என்ன இருந்தது என்பதே வழக்கு. நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநருடையது என்பது சட்டம் படிக்காதவருக்கும் தெரியும். ஆனால் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 106ஆம் பிரிவுக்கு ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள். செயலின் தன்மையும் சூழ்நிலையும் ஓர் எண்ணத்தைக் காட்ட, தன் எண்ணம் வேறு என்கிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டுமாம். சூழ்நிலை எதைக் காட்டுகிறது என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு மிலாறு தெரியும். மற்றவருக்கு இரத்தம் தெரியும்.

வயதும் பெரிதாகக் கைகொடுக்காது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் செய்வது குற்றமாகாது என்றார்கள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவர் என்றால் விளங்கும் பக்குவம் இருந்ததா என்று பார்க்கவேண்டும். பதினைந்து அதையும் தாண்டிவிட்டது.

மலையக நீதிமன்றங்களில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் அப்படியொரு பையன் வந்தான். "ஏன் கத்தியைக் கொண்டுவந்தாய்?" என்று பொலிஸில் கேட்டிருக்கிறார்கள். "சும்மாதான் சேர்" என்றிருக்கிறான். சிங்களத்தில் இதற்கு 'நிகங்' என்ற நல்ல சொல் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் அதுவும் நம் 'சும்மா' மாதிரித்தான், ஒன்றுமில்லை, பயப்படாதே என்கிற பொருளும் தரும். அறிக்கையிலோ 'ஹேதுவக் நொமெதிவ' என்று எழுதப்பட்டிருந்தது. காரணமின்றி. காரணமின்றிக் கத்தி கொண்டு திரிகிறவனுக்கு என்ன காரணம் இருக்கும் என்று இனிச் சொல்லவா வேண்டும்!

இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பார்க்கட்டும். 1993இல் கைதானவர். சிங்களம் தெரியாத அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது, மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரரே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, அது சுயவிருப்பமாகச் சொன்னதல்ல என்று எதிரியே நிரூபிக்க வேண்டும். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நீதியான விசாரணையல்ல என்றது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்த முடிவு இங்கே செல்லாது என்றுவிட்டது.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதம், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொன்னது பொலிஸ். அன்றாட வீட்டுப் பாவனைக் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. எங்கள் உம்மா உழ்ஹிய்யாக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "மகன், வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற கத்தி அன்றாடப் பாவனையா?" என்று கேட்டார். சட்ட நுணுக்கமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பையனின் விஷயத்தில், 'சும்மா' என்ற சொல்லுக்கு இரண்டு பாவனை உண்டு என்று சொல்ல நீதவானிடம் அனுமதி கேட்டேன். கேட்டுவிட்டு, "கத்தி யாருடையது?" என்று பையனிடமே கேட்டார். அப்பாவுடையது, பிடி கழன்றுவிட்டது, பட்டறைக்குக் கொண்டுபோனான். அடுத்த தவணைக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் தோட்டத்துச் செக்ரோலின் பிரதியோடு வந்தார். அந்தக் கிழமை முழுவதும் தகப்பனுக்குக் கவ்வாத்து மலையில் பேர் விழுந்திருந்தது. கத்தியின் பிடி கழன்றிருப்பதை நீதவான் தானே ஆட்டிப் பார்த்தார்.

பையனை விட்டுவிட்டார்கள். கத்தி வழக்குப் பொருளாக அறைக்குள் இருந்தது. அதைத் திருப்பி எடுக்க மனுப் போடவேண்டும் என்றேன். தகப்பன் கும்பிட்டுவிட்டு, "வேணாங்கய்யா, புதுசு வாங்கிட்டேன்" என்றார்.