மங்காத எழுத்து

எழுதியவனுக்கு விளங்கினால் போதும், படிப்பவன் பாடு எப்படியானால் என்ன என்று எண்ணுவோர் எத்துறையிலும் உண்டு. கட்டட வரைபடத் துறையில் அந்த எண்ணம் கூலியைக் கெடுக்கும். சில வேளை உயிருக்கும் உலை வைக்கும். இயற்பியல் மாணவனாகிய நான் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. என் தந்தையார் தில்லியில் கம்பி கட்டும் தொழிலாளி. சேலம் மாவட்டத்திலிருந்து வந்து, வரைபடம் பார்த்துக் கம்பி வளைத்தே எங்களை வளர்த்தவர்.

சென்ற ஆண்டு ஒருநாள், வரைபடத்தின் ஒரு மூலையைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். "இது நூத்தம்பதா, நூத்தெம்பதா? பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். தூணில் கட்டும் வளையங்களுக்கு இடையே விட வேண்டிய தூரம் அது. நடு எண் வெறும் கறுப்புத் திட்டாகக் கிடந்தது. பொறியாளரிடமிருந்து விடை வரும்வரை அரை நாள் வேலை நின்றது; அரை நாள் கூலியும் போயிற்று.

குத்துமதிப்பாகக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? மூன்று மீட்டர் தூணுக்கு 150 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 20 வளையங்கள் வேண்டும். 180 என்றால் ஏறத்தாழ 17. நிலம் அதிரும்போது நெடுங்கம்பிகள் பிதுங்காமல் பிடித்து நிற்பவை இவ்வளையங்களே. 2001 ஜனவரி 26-ஆம் நாள் குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் சில விழுந்ததை நாடே கண்டது. கட்டடத்தின் உறுதி இத்தகைய சிறு எண்களிலும் இருக்கிறதன்றோ?

கோடுகள் எல்லாம் கூர்மையாய் இருக்க, அட்டவணை மட்டும் மங்கியது ஏன்? வரைபடம் ஆட்டோகேடில் வரையப்பட்டது. அட்டவணையோ வேறோர் ஆவணத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது. கோடு, "இங்கிருந்து இதுவரை" என்னும் கணக்காகக் கணினியில் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர் குறையாது. திரையைப் படம்பிடித்து ஒட்டிய எழுத்தோ வெறும் புள்ளிக் கூட்டம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. அங்குலத்துக்கு 96 புள்ளி என்றால் குறுக்கே 794 புள்ளிகளே கிடைக்கும். 300 என்றால் 2480. அந்த 794-ஐ இரு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 48 தான் மிஞ்சும். இழந்த விவரத்தை எந்த அச்சுப்பொறியும் திருப்பித் தராது.

பரிகாரம் எளிது. ஆவணத்தைப் படமாக்காமல், எழுத்துருக்களைப் பதித்த பி.டி.எஃப்.பாகச் சேமித்து வரைபடத் தாளில் இணைத்தால், எழுத்து வளைகோடாகவே நிற்கும். எக்செல்லிலிருந்து நேரே ஒட்டினால், அச்சிடும் தரத்தை உயர்த்தி வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த பழந்தாள்தான் உண்டு என்றால், அச்சில் வரும் அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுத்து, பி.என்.ஜி.யாக வைப்பது நலம். ஜேபெக், எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகச் சுருக்குவதால், எழுத்தோரத்தில் அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிடும். இன்னொன்று: ஏ1 தாளை ஏ3 ஆக்கினால் 2.5 மி.மீ. எழுத்து 1.25 ஆகும். அப்பாவின் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தச் சிறு தாளே!

நண்பர்களே, நம்முள் பொறியியலும் கட்டடக் கலையும் பயில்வோர் பலர். நாளை உங்கள் வரைபடங்கள் எங்கெங்கோ போகும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து மனநிறைவு கொள்ளாதீர்கள். தாளில் அச்சிட்டு, வெயிலில் நின்று, கைநீட்டும் தூரத்தில் வைத்து ஒருமுறை படியுங்கள். அங்கே அதைப் படிப்பவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு முதியவராக இருக்கலாம். அவருக்குப் பெரிதாக்கிப் பார்க்கப் பொத்தான் இல்லை.