இந்தியாவில் எங்கே?

பாலே என்றால் நம்மில் பலருக்கு அன்னப்பறவை வேடத்தில் நுனிக்காலில் நிற்கும் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 'லா பயாதேர்' வேறு உலகம். 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மாரியஸ் பெதிபா அமைத்தது, இசை மின்குஸ். நாயகி நிகியா கோயிலில் ஆடுகிறவள். அவளைக் காதலிக்கும் சோலோருக்கு ராஜாவின் மகளோடு நிச்சயமாகிறது. அந்த விழாவில் நிகியாவே ஆட வேண்டியிருக்கிறது. பூக்கூடைக்குள் இருந்த பாம்பு தீண்டிச் சாகிறாள்.

யூட்யூபில் இதைப் பார்த்த என் மகள் கேட்டாள்: "கதை எங்கம்மா நடக்குது?"

"இந்தியாவுலதான்."

"இந்தியாவுல எங்க?"

பெதிபா இந்தியாவுக்கு வந்தவரில்லை. ஆனால் ஐரோப்பா அசல் தேவதாசிகளைப் பார்த்திருந்தது. 1838-இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஒரு குழு பாரிஸ் போனது. அதிலிருந்த அம்மணியைக் கண்டு வியந்து எழுதினார் தியோஃபில் கோத்தியே. 1858-இல் அவர் கதையமைத்த 'சகுந்தலா' பாலேயை மேடையேற்றியவர் மாரியஸின் அண்ணன் லூசியன். ஆக, நிகியாவுக்கு நம் பக்கத்து வாசனை கொஞ்சம் உண்டு.

"விராலிமலைன்னு வச்சுக்கயேன்" என்றேன்.

எங்கள் மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலில் 32 தேவதாசிகள் இருந்ததாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். 7 வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். பாடிக்கொண்டே சதிர் ஆடுவார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நிகியா செத்தபின் சோலோர் அபின் மயக்கத்தில் காணும் நிழல்கள் காட்சியில், வெள்ளுடைப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகச் சரிவில் இறங்குவார்கள். மாரின்ஸ்கி மேடையில் அவர்களும் 32 பேர். தற்செயல்தான், ஆனாலும் என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை.

பாலேயில் 'ப்ளியே' என்று ஒன்று உண்டு. பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முழங்காலை மடக்குவது. பார்த்தால் நம் அரைமண்டிதான். ஆனால் அங்கே அது பெரும்பாலும் எம்பிக் குதிப்பதற்கான தயாரிப்பு. இங்கே அதுவே இருப்பு; அமர்ந்தபடியே தரையைத் தட்டித் தாளம் சொல்ல வேண்டும்.

என் அம்மாவும் கூட உட்கார்ந்து நிகியாவைப் பார்த்தாள். "எம்புட்டு அழகா ஆடுது புள்ள!" சதிர் வீடியோவைப் போட்டதும் முகம் மாறியது. "இது தாசி ஆட்டம்டி. புள்ளைக்கு எதுக்கு இதக் காட்டுற?" இரண்டிலும் ஆடுகிறவள் கோயில் தாசிதான் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. பொட்டுக்கட்டை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். உள்ளிருந்து பார்த்த வலியோடுதான் 1930-இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது சட்டமானது. மறு ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானமும் மாகாணத்தோடு இணைந்தது. ஏழு வயதுப் பெண்ணைக் கேட்காமல் கட்டிய பொட்டை எந்தக் கலையின் பேராலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் ரஷ்யாவில் நிகியா ஒவ்வொரு இரவும் செத்து, மறுநாள் வேறொருத்தியின் உடம்பில் எழுந்து வருகிறாள். மூத்தவள் இளையவளுக்கு அந்தப் பாத்திரத்தைக் கை பிடித்துச் சொல்லித் தருகிறாள். விராலிமலையில் பொட்டுக் கட்டிய வரிசை முத்துக்கண்ணம்மாளோடு முடிகிறது. அது முடிய வேண்டியதுதான். அந்தப் பாட்டும் அடவும் சேர்ந்து முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.