பிரித்துப் பார்க்கும் நாளுக்கும் கூலி உண்டு

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தொடங்கிவிடுகிறது. இங்கே கடலைப் பார்த்த பழைய வீடுகளின் நிலைக்கால்களைத் தரையோடு ஒட்டிய இடத்தில் குனிந்து பார்த்தால் ஒரே மாதிரியான சேதம் தெரியும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரம் உளுத்திருக்கும், கீல் இருக்கும் இடத்தில் துருக்கறை வடிந்திருக்கும். இதைச் சரிசெய்ய ஆசாரியைக் கூப்பிடும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பழுது வேலையைக் கெடுப்பதே அந்தக் கேள்வி என்பது இந்த ஊரின் கதவுகளையும் ஜன்னல்களையும் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. புது வேலையை மொத்தக் காண்ட்ராக்டாகப் பேசலாம். பழுது வேலையை நாள் கூலிக்குத்தான் பேச வேண்டும், அதுவும் கூப்பிட்டால் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஆசாரியிடம்.

ஏன் என்று புரிய, இந்தக் கரையின் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சமையல் உப்பின் முக்கியக் கூறான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். வடக்கே மரக்காணம் உப்பளங்களில் உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இந்த மெக்னீசியம்தான் நிறைந்திருக்கிறது. அதைப் பாத்தியிலிருந்து வடித்துவிடுகிறார்கள். அலை தெறித்து ஜன்னலில் படியும் உப்பிலிருந்து அதை வடிப்பவர் யாருமில்லை. அதனால் இரும்பு ஆணியின் தலை மழையே இல்லாத மாதத்திலும் ஈரமாக இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆணி பருத்து மரத்தை உள்ளிருந்து பிளக்கும், சுற்றியுள்ள நாரும் கறுத்து உதிரும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. அதன் பிறகு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி பக்கம் கரை அரித்துப்போனது. கடல் நெருங்க நெருங்க இந்த உப்பும் வீட்டை நெருங்குகிறது.

இப்படிப்பட்ட சேதத்துக்கு வெளியில் நின்றபடி விலை சொல்ல யாராலும் முடியாது. நிலைக்காலின் அழுகல் ஒரு சாணோடு நின்றிருக்கலாம், சுவருக்குள் பதித்த இரும்புப் பிடி வரைக்கும் ஏறியிருக்கலாம். சுவருக்குள் செருகிய உத்திரத்தின் முனையோ கண்ணுக்கே தெரியாது. உளி முனையால் குத்திப் பார்த்து, கொட்டாப்புளியால் தட்டிச் சத்தம் கேட்டு, பூச்சைக் கொஞ்சம் உடைத்து, கீலைக் கழற்றினால்தான் எல்லை தெரியும். அதற்கு முன்பே மொத்தத் தொகை கேட்டால் ஆசாரிக்கு இரண்டே வழி. மோசமான நிலையை நினைத்துக் கூட்டிச் சொல்வது ஒன்று. குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, பிரித்தபின் அழுகல் நீண்டிருந்தால் அதன்மேல் மரப்பொடியும் பசையும் அப்பி பெயின்டால் மூடுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்பவரை நேர்மையில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கூடுதலாக நல்ல மரத்தைத் தேடிச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர் தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி அந்த ஒப்பந்தமே கேட்கிறது.

நாள் கூலி என்றால் இரண்டு நாள் வேலையை ஐந்து நாள் இழுப்பார்கள் என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்கு மருந்து, வேலையை இரண்டாகப் பிரிப்பது. முதல் நாள் பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும். அன்றைய கூலியைத் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரரும் ஆசாரியும் திறந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தே எத்தனை நாள், எவ்வளவு மரம், எந்த மரம் என்று பேசிக்கொள்ளலாம். மரத்தை வீட்டுக்காரரே கன அடிக் கணக்கில் வாங்கிக் கொடுத்தால் அதில் ஒளிய எதுவுமில்லை. இழுத்தடிப்பு நடப்பது பெரும்பாலும் அளவு பேசாத வேலையில். பேசிய அளவு கண்முன் இருக்கும்போது, அதே தெருவில் நாளையும் வேலை கேட்டு வர வேண்டியவருக்கு இழுப்பதில் லாபமில்லை.

உள்ளூர் ஆசாரியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஊர்ப்பற்று இல்லை, மரத்தின் இயல்பு. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 விழுக்காடும், ஆரத்தின் போக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனாலும் வளையத்தின் போக்கில் அகலம் வரும்படி அறுத்த ஓரடித் தேக்குப் பலகையில் ஈரம் நான்கு விழுக்காடு கூடினால் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். சித்திரையில் கச்சிதமாக மூடிய கதவு ஐப்பசியில் இடிக்கும். அப்போது இழைப்புளியை எடுத்து அழுத்தி இழைத்துவிட்டால் அடுத்த கோடையில் இடைவெளி விழும். எவ்வளவு இழைப்பது, எப்போது இழைக்காமல் மழை ஓயும்வரை பொறுப்பது என்பது இரு பருவத்திலும் அந்தக் கதவைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி நீர் நின்ற வீட்டின் நிலைக்காலை உடனே பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி அழுகலை வளர்க்கும். காயும்வரை காத்திருந்து திரும்பி வரவேண்டும். தொலைவிலிருந்து வந்து காண்ட்ராக்ட் முடித்துப் போகிறவரால் காத்திருக்க முடியாது.

அலுமினியமும் யூபிவிசியும் இருக்கும்போது மரத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. புதிதாகக் கட்டும் வீட்டின் குளியலறைக்கும் கடலைப் பார்த்த ஜன்னலுக்கும் அவற்றைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமில்லை. ஏற்கெனவே சுவரில் நிற்கும் நல்ல தேக்கு நிலையின் கணக்கு வேறு. அதைப் பெயர்த்தால் சுவரும் பூச்சும் தரையும் சேர்ந்து உடையும். அழுகிய அடியை மட்டும் சாய்வாக அறுத்து, புதுக் கட்டையைக் கழுந்து வைத்து இணைத்து, மூங்கில் ஆணி அடித்தால் மேலே உள்ள நல்ல மரம் அப்படியே நிற்கும். அங்கே துருப்பிடிக்க இரும்பும் இல்லை. கீலுக்கும் திருகாணிக்கும் பித்தளையோ நல்ல துருப்பிடிக்காத எஃகோ போட்டால் போதும். ஜப்பானியத் தச்சர்கள் கோயில் தூண்களின் அழுகிய அடியை மாற்றும் இதே வேலையை நெட்சுகி என்கிறார்கள். அந்நாட்டின் மரக்கட்டடப் பாதுகாப்புத் திறன்களை யுனெஸ்கோ 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் அரசுகளும் கைவினைஞரைக் கவனிக்காமல் இல்லை. 2023இல் தொடங்கிய மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை தருகிறது. குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று அதை மறுத்த தமிழ்நாடு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மறுப்பு சரியானதே. உளி பிடிக்கும் உரிமை பிறப்பால் வருவதில்லை. ஆனால் கருவியும் கடனும் கிடைத்த இளைஞர் பழுது வேலை கற்க வேண்டுமென்றால் அதில் புது வேலைக்குக் குறையாத வருமானம் இருக்க வேண்டும். பிளைவுட் அலமாரி அடுக்குபவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி தடையின்றி வருகிறது. பழைய நிலையைப் பிரிப்பவருக்கோ பார்க்கும் நேரம் இலவசம், திரும்பி வரும் நேரமும் இலவசம் என்றே பேச்சு முடிகிறது. பங்குனியில் வேலை கொடுக்கும்போதே, பிரித்துப் பார்க்கும் முதல் நாளின் கூலியோடு, மழை ஓய்ந்து மார்கழியில் கதவைச் சரிபார்க்க வரும் நாளின் கூலியையும் பேசி, இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.