ரேகையில்லாப் பலகை

ஹௌராவிலிருந்து ரயிலேறிப் போல்பூரில் இறங்கி, செம்மண் நிலத்தின் வழியே சாந்திநிகேதனத்தை அடைகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர், குருதேவர் ரவீந்திரநாத தாகூர் வசித்த இல்லங்களையும் ஏழிலைப்பாலை மரத்தடியையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ, அங்கே 1919இல் தோன்றிய கலைப்பள்ளியான கலாபவனத்தில் அச்சுச் சித்திரம் தயாராகும் பட்டறையைப் பார்க்க வேண்டுமென்பதே நெடுநாளைய ஆசை. தண்டி யாத்திரை நடந்த 1930ஆம் ஆண்டில் ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய, கைத்தடியூன்றி நடக்கும் காந்தியடிகளின் லினோகட் சித்திரத்தை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் கண்ட நாள்தொட்டு, கரிய பரப்பில் சில வெள்ளைக் கோடுகளைத் தவிர வேறெதுவுமில்லாத அந்த உருவத்துக்கு இவ்வளவு வேகமும் உறுதியும் எப்படி வாய்த்தன என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

பட்டறையின் கருவிகளைப் பராமரிக்கும் பெரியவரை அங்கே எல்லோரும் ‘தாதா’ என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் முதலில் என் கையில் கொடுத்தது பழுப்பு நிறமான ஒரு லினோத் துண்டு. ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்து இறுகச் செய்து, பிசினும் தக்கைத்தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணியின்மேல் அழுத்திப் பரப்பினால் கிடைக்கும் வஸ்து அது. ஃப்ரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863இல் இதற்கு உரிமைச் சாசனம் பெற்றபோது, வீட்டுத் தரையில் விரிப்பதற்கான பொருளாகவே கருதினார். ஆளியையும் எண்ணெயையும் குறிக்கும் லத்தீன் சொற்களை இணைத்து அவர் லினோலியம் என்று பெயரிட்டார். அதில் வெட்டி அச்சிடும் சித்திரம் லினோகட் ஆயிற்று. தரை விரிப்பில் பிறந்தது என்பதற்காகவே, மரச்செதுக்கு அச்சைக் காட்டிலும் இதைத் தாழ்வாக எண்ணியவர்கள் உண்டு.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சன்னலோரத்தில் வேலையிலிருந்த ஒரு மாணவியின் கைகள் எனக்கு உணர்த்தின. குளிர்ந்தால் லினோ இறுகிவிடுமாதலால், பலகையைச் சற்றுநேரம் வெயிலில் வைத்து இளக்கிக்கொண்டு, வி வடிவ நுனியுடைய சிற்றுளியை ஏறக்குறையப் படுக்கை வாட்டத்தில் பிடித்து அவள் முன்னோக்கித் தள்ளினாள். பலகையைப் பிடித்திருந்த இடக்கை எப்போதும் உளியின் பின்புறமே இருந்தது. வளைவு வந்தபோது உளி திரும்பவில்லை. மற்றொரு கை பலகையை மெல்லத் திருப்ப, கோடு தானாக வளைந்துகொண்டது. மரத்திலே வரியோட்டம் உண்டு. அது உளியைச் சில இடங்களில் தடுக்கும், சில இடங்களில் தன் வழியே இழுத்துச் செல்லும், அச்சேறிய சித்திரத்திலும் தன் அழகைச் சிறிது சேர்க்கும். லினோவிலோ எத்திசையில் தள்ளினாலும் உளி ஒரே சீராகச் செல்லுமாகையால், கோட்டில் காண்பதெல்லாம் செதுக்குபவரின் சொந்த ஸ்வபாவமே. கை தயங்கினால் தயக்கமும், துணிந்தால் துணிவும் மறைவின்றிப் பதிந்துவிடும். வெட்டி எறிந்த இடத்தை மீண்டும் நிரப்பவும் வழியில்லை. காந்தியடிகளின் சித்திரத்தில் நான் கண்ட உறுதியின் காரணம் அந்தச் சன்னலோரத்தில்தான் எனக்கு விளங்கிற்று. எத்தனை கோடுகள் வேண்டாம் என்பதை மனத்தில் முன்பே தீர்மானித்துக்கொண்ட பின்னரே நந்தலால் உளியை எடுத்திருக்க வேண்டும்.

பிற்பகலில் அச்சேற்றும் வேலை தொடங்கியது. கண்ணாடிப் பலகைமேல் சிறிது கறுப்பு மையை இட்டு ரோலரால் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிய தாதா, பாகு காய்ச்சுபவர் பதம் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்து அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். மை மிகுந்திருந்தால் ரோலர் சளசளக்கும். அப்படி அச்சிட்டால் நுண்ணிய கோடுகள் அடைபட்டுப்போகும். மெல்லிய சீறல் ஒலி எழுந்ததும், செதுக்காமல் மேடாக விட்ட பகுதிகளில் மட்டும் மையை ஏற்றி, காகிதத்தைப் பொருத்தி, அதன் முதுகை ஒரு மரக்கரண்டியால் வட்டமிட்டுத் தேய்த்தார். பெரிய அச்சு யந்திரம் அருகிலேயே இருந்தும், முதற்பிரதியைக் கையால் எடுத்தால்தான் எங்கே அழுத்தம் போதவில்லை என்பது விரலுக்குத் தெரியும் என்றார்.

பிரதிகளின் அடியில் மாணவி பென்சிலால் 1/20, 2/20 என்று எண்ணிட்டுவந்தாள். அந்த வழக்கம் என் மனத்துக்கு உவப்பாக இல்லை. குருதேவரின் ‘சஹஜ் பாட்’ என்னும் அரிச்சுவடிக்கு, அதே 1930இல், நந்தலால் ஆக்கித் தந்த லினோகட் சித்திரங்கள், எண்ணோ கையொப்பமோ இன்றி, தலைமுறை தலைமுறையாக வங்கக் குழந்தைகளின் கைகளில் உலவிவருகின்றன. சித்தப்ரசாத் போன்ற ஓவியர்கள் ஏழைகளின் துயரத்தைச் சொல்ல இந்தக் கலையை மேற்கொண்டதும், அற்பச் செலவில் அநேகருக்கு எட்டும் சக்தி இதற்கு இருந்ததால் அல்லவா? இருபது பிரதிகளோடு நிறுத்தி, மேலும் அச்சிட முடியாதபடி பலகையின் குறுக்கே கோடு கிழித்துவிடுவது அந்தச் சக்தியை நாமே முடக்குவதாகாதா என்று தாதாவிடம் கேட்டேன்.

அவர் மாணவியைச் சுட்டிக்காட்டி, “இவள் படிப்பு முடிந்து வீடு திரும்பியதும் காகிதமும் மையும் எதைக் கொண்டு வாங்குவாள்? இந்த இருபது விலைபோனால்தானே அடுத்த பலகை?” என்றார். அது நியாயமே. ஆயினும் பள்ளிப் புத்தகம் அச்சிடுகிற ஒருவர் வந்து கேட்டால் கோடு கிழிக்காத பலகையைக் கொடுப்பாயா என்று அவளிடம் நான் விடாமல் கேட்டதற்கு, உளியைச் சாணைக் கல்லில் தீட்டிக்கொண்டே, “குழந்தைகளுக்கென்றால் வேறே செதுக்கித் தருவேன், இதில் கோடுகள் அதிகம்” என்றாள்.