கூடிப்போன ஒண்ணு

கோயமுத்தூர்

அம்மிணி,

பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு நீ வராதது உனக்குத்தான் நட்டம். அங்க இணைச்சீர் நடக்கையில, எனக்குப் பின்னால ரெண்டு பெரியம்மாக்கள் நம்ம சேக்காளி மருமகளைத்தான் மென்னுட்டிருந்தாங்க. பேரு எழுதல, உனக்கே தெரியும். “வயித்துல ஒரு புழு பூச்சியில்ல”ன்னு ஒருத்தி. “சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்”னு இன்னொருத்தி.

சமாச்சாரமே வேற! அத்தனை வருசமா ஸ்கேன், ஊசி, லேப்ராஸ்கோப்பின்னு எல்லாம் அவ உடம்புலதான். கடைசியாத்தான் அவ புருசனுக்கு விந்துப் பரிசோதனை பண்ணுனாங்க. உயிரணு ஒண்ணுமில்ல. ரத்தத்தை எடுத்து, வெள்ளணுவை மூணு நாளைக்கு வளர்த்து, குரோமோசோமை எண்ணுனா 47. நமக்கு 46, அவனுக்கு ஒரு எக்ஸ் கூடுதல். ஆளு நெட்டையா இருப்பானே, அதுவும் இந்தச் சேர்த்திதானாம்.

இதுக்குப் பேரு கிளைன்ஃபெல்டர். 1942-லயே அந்தப் பேருள்ள டாக்டர் அறிகுறிகளை எழுதிட்டார். கூடுதல் எக்ஸ்தான் காரணம்னு 1959-ல பட்ரிசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கண்டாங்க. ஏறக்குறைய அறுநூறு ஆம்பளைகள்ல ஒருத்தருக்கு இருக்குதாம். நெறையப் பேருக்குக் கொழந்தை உண்டாகாதப்பதான் தெரியவருது.

சொந்தத்துல கட்டுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முட்டையோ விந்தணுவோ உண்டாகறப்ப குரோமோசோம் சரியாப் பிரியாததுதான் காரணம். அத்தை மகனைக் கட்டுன அம்மாவுக்கும் அசல்ல கட்டுன அம்மாவுக்கும் இப்படிப் புள்ள பொறக்கலாம். சொந்தத்துல வர்ற வம்பு வேற, ஒரே கோளாறு மரபணு ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து சேர்றது.

பெருமாள்முருகன் 2010-ல எழுதுன ‘மாதொருபாகன்’ படிச்சியே? திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளியும் பொன்னாவும் கொழந்தையில்லாம சாபத்தையும் பாவத்தையும் தேடுவாங்க. அன்னிக்குச் சோதனையில்ல. இன்னிக்கு இருக்குது, ஆனா மொதல்ல படுக்க வெக்கிறது பொன்னாவைத்தான்.

நம்ம சேக்காளி மகனுக்கும் வழி இருக்குதாம். விதையில மைக்ரோஸ்கோப் வெச்சுத் தேடுனா கொஞ்சப் பேருக்கு உயிரணு கிடைக்குதுன்னு சொல்றாங்க.

உன்ற நாத்தனா மகளுக்கு அடுத்தடுத்துக் கலைஞ்சுதுன்னியே? புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருல ஒருத்தருக்குக் குரோமோசோம் துண்டு எடம் மாறியிருந்தாலும் அப்படி ஆகலாம். ஆளு நல்லாத்தான் இருப்பாங்க, கரு மட்டும் பல தடவை தங்காமப் போகலாம். அதனால மாப்பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்”னுதான் சொல்வாரு. இருக்கட்டும், கையை நீட்டச் சொல்லு.

இப்படிக்கு,
உன்ற சேக்காளி