இலை உதிர்ந்த அத்தியில் எதை விட்டுவைப்பது?

ராஸ் லஃபான் என்றால் பலருக்கும் எரிவாயுதான் ஞாபகம் வரும். கத்தாரின் வடகிழக்குக் கரையில், தோஹாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தொழில் நகரம். 1996 கடைசியில் ஜப்பானுக்கு முதல் எல்.என்.ஜி. கப்பல் கிளம்பியது இங்கிருந்துதான். அனுமதி அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அங்கே வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் தெற்கே, அல்கோர் குடியிருப்பில் இருக்கிறோம். என் அப்பா ராஸ் லஃபானுக்கு பஸ்ஸில் போய் வந்தார். இப்போது என் கணவர்.

எங்கள் பின்கட்டில் ஒரு சீமை அத்தி நிற்கிறது. பக்கத்து வீட்டு பாலஸ்தீன ஆன்ட்டி கொடுத்த குச்சியிலிருந்து வந்த மரம். அவர் அதை 'தீன்' என்பார். நம் ஊர் நாட்டு அத்தியின் சொந்தக்காரன்தான், ஆனால் வேறு இனம். நாட்டு அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இது கிளையில் இலைக் காம்பை ஒட்டிக் காய்க்கும். இரண்டுக்குமே பூ காய்க்குள்ளேதான். 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதன் காரணத்தை, ஒரு காயை இரண்டாக வெட்டிக் காட்டினால் பிள்ளைகள் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள்.

வளைகுடாவில் அத்திக்குச் சோதனை கோடைதான். குளிர்காலம் அதற்கு ஓய்வு. ஜனவரி இரவுகளில் 14, 15 டிகிரிக்கு இறங்கும்; உறைபனி கிடையாது. இலை மஞ்சளாகிக் கொட்டும். "அம்மா, மரம் செத்துப் போச்சா?" என்று என் மகள் கேட்டாள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை. தூங்குது, அவ்வளவுதான்.

தூங்குகிற மரத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், உரம் வேண்டாம். டொராண்டோ மாதிரி கடுங்குளிர் ஊர்களில் இருப்பவர்கள் தொட்டி அத்தியை, இலை உதிர்ந்ததும், உறையாத கராஜுக்குள் வைக்கலாம். இலையில்லாத மரத்துக்கு அங்கே வெளிச்சம் தேவையில்லை. மண் முழுக்கக் காய்ந்துவிடாதபடி எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரி.

அடுத்தது, கிளையில் மிச்சமிருக்கும் காய்கள். கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்து பச்சையாக, கல் மாதிரி நிற்பவை கோடையின் மிச்சம். குளிர் நாடுகளில் அவை இனிப் பழுக்காது, பறித்துவிடலாம். எங்கள் ஊரில் பகல் வெயில் இருப்பதால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். பழுக்கிற காய் கழுத்துத் தளர்ந்து தொங்கும். ஜனவரியிலும் விறைப்பாகவே நின்றால் எடுத்துவிடுவேன். அத்தி பறித்த பிறகு பழுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் கிளை நுனியில் பட்டாணியைவிடச் சின்னதாக மொட்டு போல ஒட்டியிருப்பவற்றைத் தொடாதீர்கள். அடுத்த கோடையின் முதல் பழங்கள் அவைதான். கவாத்து செய்யும்போதும் எல்லா நுனிகளையும் வெட்டிவிட்டால் அந்த முதல் பலன் போய்விடும்.

காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் புண்ணாகும். பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம். பறித்த காய்களை வீணாக்க வேண்டியதில்லை. கீறி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்துப் பால் போனபின், துவரம்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைக்கலாம். ஆன்ட்டி வீட்டில் அதையே சர்க்கரைப் பாகில் போடுவார்கள்.

இந்த வருஷம் ஜூனோடு எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வளைகுடாவில் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்தப் பட்டாணிக் காய்கள் பழுக்கிற நேரமும் ஏறக்குறைய அதேதான். "அப்போ யாருக்கும்மா இதெல்லாம் விட்டு வைக்கிறோம்?" என்று மகள் கேட்டாள். "அடுத்து வர்ற வீட்டுக்காரங்களுக்கு" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் சுலபமாக இல்லை. நானும் அவள் வயதில் இதே ஊரில் ஒரு வேப்பங்கன்றை விட்டுவிட்டுப் போனவள்தான்.

குச்சியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது. நாடு தாண்டும் செடிக்கு அனுமதியும் சான்றிதழும் வேண்டும். அதனால் ஜனவரி கடைசியில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் ஆறு குச்சிகள் வெட்டினோம். ஈர மணலில் முக்கால்வாசி புதைத்து நிழலில் வைத்தோம். வேர் விட்டதும் தெருவில் யார் வீட்டுக்கு எது என்று மகளே பட்டியல் எழுதிவிட்டாள். ஒன்று, குச்சி கொடுத்த ஆன்ட்டிக்கே. அவருடைய மரம் போன கோடையில் காய்ந்துவிட்டது.

உங்கள் வீட்டில் அத்தி இருந்தால், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு நுனிகளைப் போய்ப் பாருங்கள். எதைப் பறிப்பது, எதை விடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.